மீனுக்கு மருந்து, நத்தைக்கு நஞ்சு

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மீன்தொட்டி இருக்கிறதா? இருந்தால், இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். ஒரு நாள் காலையில் மீன்களின் உடலிலும் துடுப்புகளிலும் ரவையைத் தூவியதுபோல் வெண்ணிறப் புள்ளிகள் தெரிகின்றன. மீன்கள் கற்களில் உடலை உரசிக்கொள்கின்றன. கடையிலிருந்து மருந்து வாங்கி வந்து, குப்பியில் சொல்லியுள்ளபடி சொட்டுச் சொட்டாக விடுகிறீர்கள். சில நாட்களில் புள்ளிகள் மறைகின்றன. ஆனால் கண்ணாடிச் சுவரில் ஊர்ந்து பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து கிடக்கின்றன. மேலும் இரண்டு நாள் சென்றால் நீர் கலங்கி நாற்றமெடுக்கிறது. பிழைத்தெழுந்த மீன்களோ மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

மருந்து கெட்டுப்போனதா? அளவு கூடிவிட்டதா? பெரும்பாலும் இரண்டும் இல்லை. மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்தது. மீனைப் பிடித்த ஒட்டுண்ணியைக் கொன்றது. அதே வேகத்தில் நத்தையையும் கொன்றது. இறந்த நத்தைகள் அழுகியபோது அவற்றின் உடலிலிருந்த புரதம் சிதைந்து அம்மோனியா உண்டாயிற்று. மீன்களைத் திணறவைத்தது அதுதான்.

இத்தகைய மருந்துகளில் பலவற்றின் உயிர்நாடி தாமிரம். மயில்துத்தம் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் நீலப் படிகம் தாமிர சல்பேட்தான். துருசு என்றும் அதைச் சொல்வார்கள். பள்ளி ஆய்வகத்தில் அந்த நீலக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு, ஆணியின்மேல் செந்நிறத் தாமிரம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பொருள்தான்.

வெண்புள்ளி நோயை உண்டாக்குவது இக்தியோப்தீரியஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். கிரேக்க மொழியில் 'மீன் பேன்' என்பதே அதன் பொருள். உங்கள் பாடநூலில் வரும் பரமீசியத்துக்கு இது உறவு. உடல் முழுதும் நுண்ணிய இழைகளை அசைத்து நீந்தும். மீனின் தோலுக்கடியில் புகுந்து வளர்ந்து, பருத்தபின் வெளியேறித் தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, பசைபோன்ற ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளவுபடும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வேறு மீனைத் தேடும். தோலுக்கடியில் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தீண்டாது. நீந்தும் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மருந்து அதைக் கொல்லும். எனவே ஒரு நாள் மருந்து விட்டு நிறுத்தினால் பயனில்லை. பல நாட்கள் தொடர்ந்து நீரில் மருந்து இருக்க வேண்டும். ஒட்டுண்ணியின் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நத்தையைக் காக்கும் வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு சிட்டிகையின் கணக்கு

எவ்வளவு தாமிரம் மருந்து, எவ்வளவு தாமிரம் நஞ்சு? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். மீன் ஒட்டுண்ணிகளைக் கொல்ல லிட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் தாமிரம் நீரில் இருக்குமாறு மருந்து கொடுப்பது வழக்கம். தொட்டி முழுவதற்கும் 10.8 மில்லிகிராம் தாமிரம் போதும். மயில்துத்தப் படிகத்தின் எடையில் கால் பங்குதான் தாமிரம். எஞ்சியது சல்பேட்டும் படிக நீரும். ஆகவே 43 மில்லிகிராம் படிகம் தேவை. இரண்டு அரிசி மணிகளின் எடை அவ்வளவு இருக்கும்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அள்ளும் ஒரு சிட்டிகை சுமார் 300 மில்லிகிராம் வரும். 'ஒரு சிட்டிகை போடு' என்று யாராவது சொல்லி, நீங்களும் போட்டால், லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் தாமிரம் சேர்ந்துவிடும். மருந்தின் அளவைப்போல் ஏழு மடங்கு! மீனே தாங்காது. மயில்துத்தத்தைக் கையால் அளந்து போடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. வாய்க்குள் போனால் அது மனிதருக்கும் நஞ்சு என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி நத்தைக்கு வருவோம். ஐரோப்பாவில் குளங்களில் வாழும் ஒரு பெரிய நத்தை உண்டு. லிம்னியா என்பது அதன் பேரினப் பெயர். அந்த நத்தையின் குஞ்சுகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2011-ல் வெளியாயிற்று. லிட்டருக்கு ஏறத்தாழ 0.03 மில்லிகிராம் தாமிரம் இருந்த நீரில் நான்கே நாட்களில் பாதிக் குஞ்சுகள் இறந்தன. அதனினும் பல மடங்கு குறைந்த அளவிலேயே வளர்ச்சி குன்றியது. நம் 54 லிட்டர் தொட்டியில் 0.03 மில்லிகிராம் என்ற அந்த எல்லையைத் தொட எவ்வளவு மயில்துத்தம் வேண்டும் தெரியுமா? ஆறரை மில்லிகிராம். ஓர் அரிசி மணியில் மூன்றில் ஒரு பங்கு! அதைக் கரைத்தால் நீர் துளியும் நீலமாகாது. எந்த நிறமும், எந்த மணமும் தெரியாது.

எல்லா நத்தைக்கும் எல்லை இதுவே என்று எண்ண வேண்டாம். இனத்துக்கு இனம், வயதுக்கு வயது மாறும். வளர்ந்த ஆப்பிள் நத்தை இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் மீனுக்கான மருந்து அளவு இருக்கும் இடத்தில் நத்தைகள் நிம்மதியாக வாழ முடியாது என்பது பொதுவாக உண்மை.

நீல இரத்தமா காரணம்?

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் இரத்தம் சிவப்பு. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. வயல்களில் காணும் பைலா என்னும் ஆப்பிள் நத்தையின் இரத்தம் இளநீலம். ஆக்சிஜனைச் சுமக்கும் அதன் ஹீமோசயனினில் இருப்பது தாமிரம்! தன் இரத்தத்திலேயே தாமிரத்தை வைத்திருக்கும் பிராணி, நீரில் துளித் தாமிரம் கலந்தால் ஏன் இறக்க வேண்டும்?

இரத்தத்தில் ஏற்கெனவே தாமிரம் இருப்பதால்தான் கூடுதல் தாமிரம் அதைக் கெடுக்கிறது என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் நிற்காது. மீன்தொட்டிகளில் சாதாரணமாகக் காணும் தட்டையான சுருள் நத்தையைப் பாருங்கள். ஆட்டுக்கடாக் கொம்புபோல் சுருண்டிருக்கும். அதன் இரத்தத்தில் இருப்பது ஹீமோகுளோபின். தாமிரம் அல்ல, இரும்பு. சில வகைகளில் உடலே சிவந்து தெரிவது அதனால்தான். அந்த நத்தையும் தாமிரத்தால் இறக்கிறது. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

நன்னீரில் வாழும் எந்தப் பிராணிக்கும் ஓயாத ஒரு தொல்லை உண்டு. அதன் இரத்தத்தில் உப்பு அதிகம். சுற்றியுள்ள நீரில் மிகக் குறைவு. நத்தையின் இரத்தத்தில் சோடியம் வெளி நீரில் உள்ளதைப்போல் பல பத்து மடங்கு இருக்கும். எனவே உப்பு இடைவிடாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கும். மீனுக்குச் செதில் உண்டு. நத்தைக்கோ ஓட்டுக்கு வெளியே நீளும் உடல் முழுதும் ஈரமான மெல்லிய தோல்தான். கசிந்துபோகும் சோடியத்தை ஈடுகட்ட, தோலிலும் செவுளிலும் உள்ள செல்கள் நீரிலிருந்து சோடியம் அயனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. நாளெல்லாம் நடக்கும் வேலை இது.

தாமிர அயனி இந்த வாயிலில் வந்து நிற்கிறது. கூட்டமான பேருந்தில் படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஒருவர் நின்றால் என்ன ஆகும்? ஏற வேண்டியவர்கள் ஏற முடியாது; இறங்குபவர்கள் மட்டும் எப்படியோ இறங்கிவிடுவார்கள். அதுபோல் சோடியம் உள்ளே வருவது தடைப்படுகிறது. வெளியே கசிவது தொடர்கிறது. உள்ளே புகுந்துவிட்ட தாமிரமோ சோடியத்தை இறைக்கும் நொதிகளையே முடக்குகிறது. நத்தையின் இரத்தம் மெல்ல மெல்லச் சாரமிழக்கிறது. தசைகளும் நரம்புகளும் சோடியம் இல்லாமல் இயங்கா. கால் தளர்கிறது, கண்ணாடியில் பிடிமானம் போகிறது, விழுகிறது.

குஞ்சு நத்தைகள் விரைவில் பலியாவதற்கு அவற்றின் சின்னஞ்சிறு உடலும் ஒரு காரணம். அவை வேகமாக வளர்பவை, நாள்தோறும் ஓட்டைப் பெரிதாக்குபவை. அதற்காக நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் வாரி எடுத்துக்கொண்டிருப்பவை. அந்த வேலையும் குலைகிறது.

மீனுக்கும் இதே தொல்லை உண்டு. மீனுக்கும் தாமிரம் நஞ்சுதான். மீன் தாங்கும் எல்லை சற்று மேலே இருக்கிறது, ஒட்டுண்ணி தாங்கும் எல்லை கீழே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய சந்தில்தான் மருந்து நடக்கிறது. நத்தையின் எல்லையோ அந்தச் சந்துக்கும் கீழே.

நத்தை கொல்லியாகவே பயன்பட்ட தாமிரம்

தாமிரம் நத்தையைக் கொல்லும் என்பது மீன் வளர்ப்போர் அண்மையில் கண்டுபிடித்ததல்ல. 1915-ல் எகிப்தில் லைப்பர் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர், பில்ஹார்சியா என்ற கொடிய நோயின் புழுக்கள் நன்னீர் நத்தைகளுக்குள் வளர்ந்து, பிறகே மனிதரின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகின்றன என்று காட்டினார். நத்தை இல்லையென்றால் நோய் பரவ வழியில்லை! அமெரிக்காவில் சாண்ட்லர் என்பவர், கால்நடைகளின் ஈரல் புழு நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்கத் தாமிர சல்பேட்டைப் பயன்படுத்தலாம் என்று 1920-ல் எழுதினார். அதன்பின் எகிப்தின் கால்வாய்களிலும் தாமிர சல்பேட் கரைக்கப்பட்டது. பிற்காலத்தில் நிக்ளோசமைடு என்ற வேறு மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. நாம் மீனுக்கென்று தொட்டியில் விடும் பொருள், ஒரு காலத்தில் நத்தைகளை ஒழிப்பதற்கென்றே வாய்க்கால் வாய்க்காலாகக் கொட்டப்பட்ட பொருள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பூஞ்சைகளையும் தாமிரம் விடுவதில்லை. பிரான்சு நாட்டின் மில்லார்தே 1885-ல் பரிந்துரைத்த போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான். தோட்டப் பயிர்களுக்கு இன்றும் தெளிக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த நிலங்களை மீண்டும் சதுப்பு நிலமாக்க நீரைப் பாய்ச்சியபோது ஒரு கவலை எழுந்தது. ஆண்டுக்கணக்கில் தெளித்த தாமிரம் மண்ணிலேயே தங்கியிருந்தது. அங்குள்ள ஆப்பிள் நத்தையை அது பாதிக்கும்; அந்த நத்தையையே பெரும்பாலும் உண்டு வாழும் அரிய பருந்து ஒன்றும் அங்கே உண்டு. தாமிரம் ஒரு தனிமம். அது மக்காது, சிதையாது, ஆவியாகாது. போட்ட இடத்தில் ஏதாவது ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கும்.

உங்கள் தொட்டியிலும் அப்படித்தான். தாமிரத்தின் ஒரு பகுதி அடியிலுள்ள மணலிலும் சுண்ணாம்புக் கற்களிலும் கிளிஞ்சல்களிலும் படிந்துவிடும். நீர் தெளிந்துவிட்டது என்று எண்ணிப் புதிய நத்தைகளை விடுவீர்கள். நாளடைவில் நீரில் அமிலத்தன்மை ஏறும்போது படிந்தது மீண்டும் கரையும். 'மருந்து போட்டு ஆறு மாதமாயிற்றே, இப்போது ஏன் நத்தை செத்தது?' என்ற கேள்விக்கு விடை அங்கே கிடக்கலாம்.

செப்புக் குடத்து நீர்

மருந்தே போடாமலும் தாமிரம் தொட்டிக்குள் வரும். நம் வீடுகளில் செப்புக் குடத்தில் இரவெல்லாம் நீர் வைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் உண்டல்லவா? பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் அழிந்ததைக் காட்டினர். அந்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிகிராம் தாமிரம் கரைந்திருந்தது. குடிநீரில் 2 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆகவே நமக்கு அதனால் கேடில்லை.

ஆனால் 0.18 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். மீன் மருந்தின் அளவுக்கு அருகிலேயே அது வந்துவிட்டது! அந்த நீரில் 10 லிட்டரை நம் தொட்டியில் ஊற்றினால், 54 லிட்டரில் பரவியபின் லிட்டருக்கு 0.033 மில்லிகிராம் ஆகிறது. லிம்னியாக் குஞ்சுகளில் பாதியைக் கொன்ற அளவு. எனவே தொட்டிக்கு நீர் கொண்டுவரும் பாத்திரம் செம்பாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டாம். பிளாஸ்டிக் வாளியே நல்லது. தாமிரக் குழாய்கள் உள்ள வீடுகளில், இரவு முழுதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

எல்லா ஊர் நீரிலும் தாமிரம் ஒரேபோல் நஞ்சாவதில்லை. கடின நீரில் சுண்ணாம்பு அயனிகள் ஏராளம். அவையும் அதே படிக்கட்டில் முண்டியடித்து நிற்பதால் தாமிரத்துக்கு இடம் கிடைப்பது கடினமாகிறது. அத்தோடு கார்பனேட்டுகள் தாமிரத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. மென்னீரில் இந்தப் பாதுகாப்பு இல்லை. மழைநீரிலும் மலைப்பகுதி ஓடை நீரிலும் அதே அளவு தாமிரம் பன்மடங்கு கொடியது. உங்கள் ஊர் நீர் எப்படிப்பட்டது? இரண்டு குப்பிகளில் சம அளவு நீர் எடுங்கள். ஒன்றில் மழைநீர், மற்றதில் குழாய் நீர். இரண்டிலும் சம அளவு துணி சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். சோப்புத்தூள் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும். எந்தக் குப்பியில் நுரை குறைந்து திரிதிரியாக வெள்ளைப் படிவு தோன்றுகிறதோ, அந்த நீர் கடினமானது. மென்னீர் வேறு வகையிலும் நத்தைக்கு ஆகாது. அமிலத்தன்மையும் சேர்ந்தால் ஓடே அரிக்கப்பட்டு உச்சியில் வெள்ளைக் குழிகள் விழும்.

குளோரின் வேறு, தாமிரம் வேறு

நகராட்சிக் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். மீனின் செவுளையும் நத்தையின் தோலையும் அது எரிக்கும். இதற்கு மாற்று எளிது. வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரமென்றால் மீன் கடைகளில் விற்கும் ஹைப்போ படிகம், அதாவது சோடியம் தயோசல்பேட், கைகொடுக்கும். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் ஹைப்போ வேண்டும். 10 லிட்டர் வாளிக்கு மிளகைவிடச் சிறிய ஒரு படிகம் போதும்.

இதைக் கண்ணால் காணலாம். ஆசிரியரின் உதவியுடன் ஆய்வகத்தில் செய்யுங்கள். அப்போதுதான் பிடித்த குழாய் நீரில் சிறிது பொட்டாசியம் அயோடைடையும், ஆறவைத்த அரிசிக் கஞ்சித் தெளிவையும் சேருங்கள். குளோரின் இருந்தால் நீலம் பூக்கும். அதில் ஒரு துளி ஹைப்போ கரைசலை விடுங்கள், நீலம் மறைந்துபோகும்.

சில ஊர்களில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்துக் குளோரமீனாக்கி விடுகிறார்கள். அது ஒரு நாள் வைத்தாலும் எளிதில் போகாது. இந்தச் சோதனையை ஒரு நாள் வைத்த நீரிலும் செய்து பார்த்தால் உங்கள் ஊர் நீரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்வீர்கள்.

ஆனால் இதே முறைகளைத் தாமிரத்துக்குப் பயன்படுத்துவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாமிரம் கலந்த நீரை ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் வைத்தாலும் அது காற்றில் போகாது. கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும். தாமிரம் இன்னும் செறிவாகும். ஹைப்போ போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது.

மருந்துக் குப்பியின் நிறத்தைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம். நீலமாக இருப்பதெல்லாம் தாமிரமல்ல. மெத்திலீன் நீலமும் நீலம்தான். பச்சை மருந்து பெரும்பாலும் மாலகைட் பச்சை என்னும் சாயம். பெயரில் தாமிரக் கனிமம் ஒன்றின் பெயர் இருந்தாலும் அதில் தாமிரம் கிடையாது! அதற்காக அது நத்தைக்கு நல்லது என்று பொருளல்ல. பார்மலின், பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஏன், கல் உப்புகூட அளவு கூடினால் நத்தையை வருத்தும். குப்பியின் மேல் தாமிரம், காப்பர், குப்ரிக் என்ற சொற்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். எதில் செய்தது என்றே எழுதாத குப்பியை நத்தை உள்ள தொட்டிக்குள் விடாதீர்கள்.

தொட்டிக்கு அல்ல, மீனுக்கு மருந்து

சரி, மீனுக்கு நோய் வந்தே விட்டது. நத்தையும் இருக்கிறது. என்ன செய்வது?

நத்தையை வெளியே எடுத்துவிட்டுத் தொட்டியில் மருந்து விடுவதே பலருக்கும் முதலில் தோன்றும். அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒட்டுண்ணியின் கதையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உறையிலிருந்து வெளிவரும் குஞ்சு இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் பட்டினியால் இறந்துவிடும். நத்தையின் உடலில் அது வாழாது. எனவே மீன்கள் எல்லாவற்றையும் வேறொரு தொட்டிக்கோ பிளாஸ்டிக் தொட்டிக்கோ மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். நத்தைகளும் செடிகளும் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும். மீனில்லாத தொட்டியில் ஒட்டுண்ணி தானாகவே அழியும். நம் ஊர் வெப்பத்தில், நீர் 27, 28 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, இரண்டு வாரம் காத்திருந்தால் போதும். குளிர்ந்த மலையூர்களில் ஒட்டுண்ணியின் வளர்ச்சி மெதுவாக நடப்பதால் இன்னும் நீண்ட காலம் விட வேண்டும்.

ஒரு மீனைக்கூடத் தொட்டியில் விட்டுவிடக் கூடாது. 'இந்த ஒன்றுக்குப் புள்ளி இல்லையே' என்று விட்டால் அதுவே ஒட்டுண்ணிக்குச் சத்திரமாகிவிடும். புள்ளி கண்ணுக்குத் தெரியும் முன்பே செவுளில் அது குடியிருக்கலாம். எல்லா மீனையும் பிடிப்பது சற்று வேலைதான். ஆனால் இந்த முறையில் மணலிலும் கல்லிலும் தாமிரம் ஏறாது. தொட்டி பல ஆண்டுகளுக்கு நத்தை வாழத் தக்கதாகவே இருக்கும்.

தெரியாமல் மருந்து விட்டுவிட்டீர்கள் என்றால் நத்தையின் நடத்தையே உங்களுக்குச் சொல்லிவிடும். ஆப்பிள் நத்தை நீருக்கு மேலே ஏறித் தொட்டியைவிட்டு வெளியேறப் பார்க்கும். இல்லாவிட்டால் கதவை அடைப்பதுபோல் மூடியைப் போட்டுக்கொண்டு கிடக்கும். மூடியிருக்கும் நத்தைக்கு உயிர் இருக்கிறது. மூடி திறந்து, உடல் துவண்டு தொங்கி, எடுத்து முகர்ந்தால் நாற்றமடிப்பதுதான் இறந்தது. அதை உடனே அகற்றிவிடுங்கள். உயிருள்ளவற்றை, அதே வெப்பநிலையில் உள்ள, குளோரின் நீக்கிய புதுநீருக்கு மாற்றுங்கள். அந்த நீர் சற்றுக் கடினமானதாக இருந்தால் நல்லது.

பிறகு தொட்டி நீரில் பாதியை வெளியேற்றிப் புதுநீர் ஊற்றுங்கள். 0.2 மில்லிகிராம் இருந்தது 0.1 ஆகும். மறுநாள் மீண்டும் பாதி, 0.05. அதற்கடுத்த நாள் 0.025. மூன்று முறை மாற்றியும் எண் பூச்சியத்துக்கு வரவில்லை, பார்த்தீர்களா? நான்காவது, ஐந்தாவது முறையும் தேவைப்படும். வடிகட்டியில் கிளர்வூட்டிய கரியைப் போட்டால் எஞ்சியதில் ஒரு பகுதியை அது பற்றிக்கொள்ளும். மீன் பொருள் விற்கும் பெரிய கடைகளில் தாமிரத்தை அளக்கும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. அதில் தாமிரம் இல்லை என்று தெரிந்தபின், முதலில் ஒரே ஒரு நத்தையை விட்டு ஒரு வாரம் பாருங்கள்.

வெளியேற்றிய மருந்து நீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அங்கும் நத்தைகள் இருக்கின்றன. அதேபோல் தொட்டி நத்தைகள் பெருகிவிட்டன என்று அவற்றைக் குளத்தில் விடுவதும் தவறு. கடைகளில் கிடைக்கும் பொன்னிற ஆப்பிள் நத்தையின் தாயகம் தென் அமெரிக்கா. 1980-ஐ ஒட்டித் தைவானுக்கு உணவுக்காகக் கொண்டுவரப்பட்டு, வயல்களுக்குள் தப்பி, கிழக்கு ஆசியாவின் நெல் நாற்றுகளை அது தின்றழித்த கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று.

மருத்துவம் முடிந்து மீன்களைத் திரும்பக் கொண்டுவரும்போது வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அவை இருந்த நீரை ஊற்றிவிடாதீர்கள். மருந்துத் தொட்டியில் பயன்படுத்திய வலையையும் வாளியையும் நன்றாகக் கழுவி, அவற்றின்மேல் மையால் ஒரு குறியிட்டு, தனியாக ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது அவசரத்துக்கு அந்த வாளியை எடுத்து நத்தைத் தொட்டிக்கு நீர் ஊற்றிவிடக் கூடாதல்லவா?